பருப்பு வேகவில்லை, பால் திரிந்துவிட்டது: இலைச் சாப்பாட்டில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கைப்பேசி அடித்தால் அநேகமாக அது அண்ணன் மகள்தான். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகிச் சென்னைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. "அத்தை, அஞ்சு விசில் விட்டுட்டேன். பருப்பு இன்னும் முழுசு முழுசா கிடக்குது. ஒரு மணிக்கு அவங்க வீட்ல இருந்து வந்துருவாங்க" என்பாள். அவளுக்கு முன்னால் தங்கை மகன் பெங்களூரிலிருந்து இதே கேள்வியைக் கேட்டான். பக்கத்து வீட்டுப் பெண் பாயசக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருக்கிறாள். திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகள் பத்துப் பன்னிரண்டுதான். அவற்றை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

இது சமையல் குறிப்பு இல்லை. எப்படிச் செய்வது என்று உங்கள் வீட்டில் ஒரு முறை இருக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். செய்தது கெட்டுப்போனால் எங்கே தேடுவது என்பது மட்டும்தான் இங்கே. செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எந்தக் கோளாறு என்றாலும் முதலில் அடுப்பை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துச் சுவைத்துப் பாருங்கள். என்ன குறை என்று தெரிவதற்கு முன் எதையும் அள்ளிக் கொட்டாதீர்கள். ஒரு கோளாறை மறைக்கப் போட்ட சாம்பார்ப் பொடியால் இரண்டாவது கோளாறு வந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

## பருப்பு வேகவில்லை

ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்குங்கள். வெளிப்பக்கம் மசிந்து நடுவில் மட்டும் கெட்டியாக இருந்தால் நேரமும் தண்ணீரும்தான் போதவில்லை. முழுதாகவே ரப்பர் போல வழுக்கிக்கொண்டு போனால் காரணம் வேறு.

நடுவில் மட்டும் கெட்டி. ஒரு டம்ளர் துவரம்பருப்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வேண்டும். குக்கருக்குள் தனிப் பாத்திரத்தில் வைக்கிறவர்கள் பாத்திரத்துக்குள் ஊற்றும் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அடியில் இருக்கும் தண்ணீர் பருப்புக்கு உதவாது. கொதிக்கும் தண்ணீராக அரை டம்ளர் ஊற்றி மறுபடி மூடுங்கள். விசிலை எண்ணுவதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. பெரிய தீயில் வைத்தால் ஆறு நிமிடத்தில் ஐந்து விசில் வந்துவிடும், பருப்பு வெந்திருக்காது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருங்கள்.

தக்காளியோ புளியோ சேர்த்து வைத்தீர்களா? வேலை மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடுகிறவர்களுக்கு இதுதான் காரணம். புளிப்பு உள்ளே போனால் பருப்பு மசிவது வெகுவாகத் தாமதமாகும். கீழே சாம்பார்க் காயிலும் பாயசத்திலும் இதே கோளாறு வேறு முகத்தோடு வரும். வேகவேண்டியது முழுதாக வெந்த பிறகே புளி, தக்காளி, வெல்லம் எல்லாம். இந்த ஒரு வரிசையை மாற்றாமல் இருந்தாலே எனக்கு வரும் போன் பாதியாகக் குறைந்துவிடும்.

ரப்பர் போல வழுக்குகிறது, புளிப்பும் சேர்க்கவில்லை. தண்ணீரா, பருப்பா, குக்கரா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டு சின்னக் கிண்ணத்தில் ஒரே அளவு பருப்பு எடுங்கள். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். இரண்டையும் ஒரே குக்கரில் ஒன்றாக வையுங்கள். கேன் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வெந்தால் குற்றம் தண்ணீருடையது. இரண்டுமே வேகவில்லை என்றால் பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி பருப்பு வாங்கி மறுபடி வைத்துப் பாருங்கள். அது வெந்தால் உங்கள் பருப்பு பழசு. அதுவும் வேகவில்லை என்றால் குக்கரைப் பாருங்கள்.

அண்ணன் மகளுக்குக் கடைசியில் தண்ணீர்தான் காரணமாக இருந்தது. எங்கள் ஊரில் சமையலுக்கு ஒரு குழாய், புழக்கத்துக்கு ஒரு குழாய். சிறுவாணித் தண்ணீர் நல்ல தண்ணி, போர் தண்ணீர் உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியில் பருப்பு வைக்கக்கூடாது என்று யாரும் சொல்லித்தரவே தேவையில்லை, அந்தக் குழாய் சமையலறைக்குள் வராது. அவளுடைய அடுக்குமாடியில் எல்லாக் குழாயிலும் ஒரே போர் தண்ணீர். குழாய் முனையிலும் வாளியிலும் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்காமல் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம் என்றாள். அன்றிலிருந்து பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீர். அந்த நேரத்தில் கேன் இல்லை என்றால் ஒரு டம்ளர் பருப்புக்கு ஒரே ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். அதிகமானால் சோப்புச் சுவை வரும், பருப்பில் இருக்கும் தயாமின் சத்தும் போய்விடும். தினசரி வழக்கமாக்க வேண்டாம்.

பழைய பருப்பு என்றால் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வேகவையுங்கள். அப்போதும் மசியாவிட்டால் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் குழம்பில் சேர்த்துவிடலாம். மிச்சத்தை வறுத்துப் பருப்புப் பொடியாக அரைத்து வைத்தால் வீணாகாது.

## குக்கரில் விசில் வரவில்லை, பக்கவாட்டில் ஆவி போகிறது

முதலில் கேஸ்கட்டைக் கழற்றிக் கழுவி, பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பருப்புத் துணுக்கைத் துடையுங்கள். பாதி நேரம் இதோடு சரியாகிவிடும். தொளதொள என்று இருந்தால் ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துப் போடுங்கள், அன்றைய சமையலை ஓட்டிவிடலாம். மறுநாள் புதுசு வாங்கிவிடுங்கள். குக்கரின் கம்பெனியும் லிட்டர் அளவும் சொல்லி, அதே கம்பெனி கேஸ்கட்டாக வாங்குங்கள்.

அடுத்து வெயிட். அது உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள், மறுபக்கம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். இதைச் சமைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் பார்ப்பது என் பழக்கம். பொங்கி வரும் பருப்பு அந்தக் குழாயை அடைத்தாலும் சேஃப்டி வால்வு வெடிக்கும்.

சேஃப்டி வால்வு போய்விட்டது. தண்ணீர் வற்றியிருக்கும், அல்லது குழாய் அடைத்திருக்கும். இரண்டையும் சரிசெய்து அதே கம்பெனி வால்வு போடுங்கள். ஓட்டையை வேறு எதை வைத்தும் அடைக்காதீர்கள். புது வால்வும் போனால் குக்கரை சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள். அடிப்பாகம் வெளியே உப்பியிருந்தாலோ, மூடியின் விளிம்பு நெளிந்திருந்தாலோ அந்தக் குக்கரோடு போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

குக்கரில் குறையில்லை, ஆனால் எல்லாமே தாமதமாகிறது. தீயைப் பாருங்கள். நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது. ஆறியபின் பர்னரைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்தி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஈரம் முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். அப்படியும் மஞ்சளாகவே எரிந்தால் உள்ளே நாசில் அடைப்பு. அதை அடுப்பு ரிப்பேர் செய்பவரிடம் விடுங்கள். கேஸ் வாடை வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 எண்ணுக்குப் பேசுங்கள்.

## சாதம் குழைந்துவிட்டது அல்லது நடுவில் அரிசி தட்டுகிறது

குழைந்தால் புது அரிசியா என்று பாருங்கள். புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும். அதே கடை, அதே மூட்டைப் பெயர் என்றாலும் மாதத்துக்கு மாதம் மாறும். புது மூட்டை பிரித்தால் முதல் நாள் கால் டம்ளர் தண்ணீரைக் குறைத்து வைத்துப் பாருங்கள். குழைந்த சாதத்தைக் கிளறாமல் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டால் ஓரளவு பிரியும். மிகவும் குழைந்திருந்தால் அப்படியே மசித்துத் தயிர்சாதமாக்கிவிட்டு, இலைக்கு வேறு சாதம் வையுங்கள். அரை மணி நேர வேலைதான்.

நடுவில் அரிசி தட்டினால் ஒரு கை வெந்நீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடி, மிகச் சின்னத் தீயில் ஐந்து நிமிடம். பச்சைத் தண்ணீர் தெளித்தால் சாதம் விறைத்துக்கொள்ளும்.

விருந்து முடிந்து மிஞ்சும் சாதத்தை அடுப்பு மேடையிலேயே சாயங்காலம்வரை விடாதீர்கள். வெளியில் கிடக்கும் சாதத்தில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இல்லை என்றால் பழைய வழக்கப்படி உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

## சாம்பார்

தண்ணீர் தனி, பருப்பு தனி. பருப்பு மசியவில்லை. ஒரு கரண்டி எடுத்து மத்தால் கடைந்து திரும்ப ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். போதாவிட்டால் வெந்த காயில் இரண்டு துண்டை மசித்து விடுங்கள். அரிசி மாவு கரைத்து ஊற்றுவது கடைசி வழி. ஒரு ஸ்பூனுக்கு மேல் போனால் ஆறியதும் பசை போல் ஆகிவிடும்.

பச்சை வாடை அடிக்கிறது. புளித்தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே பருப்பு விழுந்துவிட்டது. சின்னத் தீயில் இன்னும் பத்து நிமிடம் கொதித்தால் சரியாகும், அடிக்கடி கிளறிவிடுங்கள், பருப்பு அடிபிடிக்கும்.

காய் வேகவில்லை. முள்ளங்கி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் மூன்றும் இதில் அடிக்கடி மாட்டும். புளித்தண்ணீரிலேயே வேகவைத்திருப்பீர்கள். மேலும் கொதிக்கவிட்டால் சாம்பார்தான் வற்றும். காயை மட்டும் அரித்து எடுத்து, ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் தனியாக வேகவைத்து, பிறகு சேருங்கள்.

உப்பு கூடிவிட்டது. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். உருளைக்கிழங்கு குழம்பையும் சேர்த்துத்தான் குடிக்கிறது. மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. உப்பில்லாமல் வேகவைத்த பருப்பும் கொதிநீரும் சேருங்கள், புளி குறைந்தால் கொஞ்சம் புளி. இதற்காகவே விருந்து நாளில் ஒரு கிண்ணம் பருப்பை உப்புப் போடாமல் ஒதுக்கி வைக்கிறேன். அது நெய்ப் பருப்பாகவும் இலைக்குப் போகும், ரசத்தையும் காப்பாற்றும்.

புளிப்பு கூடிவிட்டது. அதே பருப்பு, கூடவே சுண்டைக்காய் அளவு வெல்லம்.

கசக்கிறது. வெந்தயம் கருகியிருக்கிறது. தாளிப்பில் கருகியது என்றால் மேலாக மிதக்கும், அகப்பையால் வழித்து எடுத்துவிடலாம். வறுத்து அரைத்ததில் கருகியிருந்தால் மீட்க முடியாது. வெல்லம் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். வெந்த பருப்பு மிச்சம் இருந்தால் புதிதாக வைப்பதற்கு இருபது நிமிடம் போதும்.

## மோர்க்குழம்பு திரிந்துவிட்டது

தயிர் கொதித்துவிட்டது, அல்லது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த தயிர் நேராகச் சூட்டில் விழுந்தது. வடிகட்டி, கட்டியை மட்டும் ஒரு ஸ்பூன் அரிசி மாவோடு மிக்ஸியில் அடித்து, ஆறிய குழம்பில் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் கொண்டுவாருங்கள். பார்வைக்குத் தேறிவிடும். அடுத்த முறை நுரை கட்டத் தொடங்கும் நொடியில் இறக்குங்கள்.

## ரசம்

கசப்பு. எலுமிச்சை ரசம் என்றால் சாற்றை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்திருப்பீர்கள். இறக்கி, கொதி அடங்கிய பிறகே பிழியவேண்டும். புளி ரசம் என்றால் பொடி போட்டபின் தளதளவென்று கொதிக்கவிட்டிருப்பீர்கள். நுரைத்து மேலெழும்போதே இறக்குவதுதான் ரசம். கொஞ்சம் கசப்பு என்றால் பருப்புத் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு, நெய்யில் புதிதாக ஒரு சீரகத் தாளிப்புக் கொடுங்கள்.

பித்தளைப் பாத்திரத்தில் வைத்த ரசத்தில் செம்பு வாடை, பச்சை நிறம். இதைச் சுவைத்துப் பார்த்துச் சரிசெய்ய முயலவே கூடாது. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து, புளி நேராகப் பித்தளையில் பட்டுக் களிம்பு ஏறியிருக்கிறது. சாப்பிட்டால் குமட்டலும் வாந்தியும் வரும். கீழே ஊற்றிவிடுங்கள். பாத்திரத்தின் உட்புறம் வெள்ளி போல் இல்லாமல் மஞ்சளாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் ஈயம் பூசக் கொடுக்கவேண்டும். முன்பெல்லாம் தெருவிலேயே துருத்தியும் நவச்சாரமுமாக வந்து பூசிக்கொடுப்பார்கள். இப்போது பாத்திரக்கடையில் கேட்டால் ஆள் சொல்வார்கள். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

ஈயச் சொம்பு அடி உருகிவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றியிருப்பீர்கள், அல்லது ரசத்தின் மட்டத்துக்கு மேலே தீ ஏறியிருக்கும். உள்ளே புளித்தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்கவேண்டும். ஓட்டை விழுந்த சொம்பை அடைக்க முடியாது. பழைய ஈயத்துக்கு எடைபோட்டு மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. புதிது வாங்கும்போது காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்பதில் உறுதியாக இருங்கள். சந்தேகம் இருந்தால் எவர்சில்வரிலேயே ரசம் வையுங்கள், அதிலும் நன்றாகத்தான் வரும்.

## பொரியல்

வெண்டைக்காய் கொழகொழவென்று ஆனால் மூடியை எடுத்துவிட்டு, ஒரு ஸ்பூன் புளித்தண்ணீர் தெளித்து அகலச் சட்டியில் வதக்குங்கள். கழுவித் துடைத்துக் காய்ந்தபின் நறுக்குவதும், உப்பைக் கடைசியில் போடுவதும் அடுத்த முறைக்கு. சேனை நாக்கை அரித்தால் வேக்காடு போதவில்லை, புளித்தண்ணீர் சேர்த்து இன்னும் வேகவையுங்கள். அரிப்பு தொண்டைக்கு இறங்கி வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

## உளுந்து வடை

எண்ணெய் குடிக்கிறது. முதலில் எண்ணெய்ச் சூடு. ஒரு துளி மாவு போட்டால் அடிக்குப் போய் உடனே எழும்பவேண்டும். அடியிலேயே கிடந்தால் காயவில்லை. சூடு சரி என்றால் மாவு இளகியிருக்கிறது. ஒரு டம்ளர் உளுந்து மாவுக்கு இரண்டு ஸ்பூன் அரிசி மாவு கலந்து, இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். அதுவும் சரி என்றால் உளுந்து அதிகம் ஊறிவிட்டது. ஒரு மணி நேரம் போதும், இரவெல்லாம் ஊறிய உளுந்தில் இந்தக் கோளாறைத் தவிர்ப்பது கஷ்டம். ஓட்டை போட வராத மாவை உருட்டிப் போண்டாவாகப் போட்டுவிடுங்கள்.

கல் போல் இருக்கிறது. மாவில் காற்று ஏறவில்லை. ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கவேண்டும். மூழ்கினால் கையாலேயே ஒரே திசையில் ஐந்து நிமிடம் அடித்துக் கலக்கி மறுபடி சோதியுங்கள். ஏற்கெனவே சுட்டவை கெட்டியாகிவிட்டால் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பிழிந்து தயிர்வடை ஆக்கலாம்.

மாவு சூடாகிவிடுகிறது, மிக்ஸி நின்றுவிட்டது. ஐஸ் தண்ணீர் தெளித்து விட்டு விட்டு அரையுங்கள். நின்றுபோன மிக்ஸியைக் கால் மணி நேரம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஓடும். மோட்டார் ஓடி பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கிறது, சின்னச் செலவு. கருகிய வாடை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். கிரைண்டரில் சுமை ஏறியதும் டிரம் திணறினால் பெல்ட் தளர்ந்திருக்கும். வீட்டில் கழற்றாமல் கடைக்கே எடுத்துப் போவது நல்லது.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டால் மூடுங்கள். கையில் எண்ணெய் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்திருங்கள். பற்பசை, மஞ்சள், மாவு எதுவும் தடவ வேண்டாம். உள்ளங்கையைவிடப் பெரிதாக வெந்திருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

## அப்பளம் சிவந்துபோகிறது

சூடு கூடிவிட்டது, அல்லது அப்பளம் நமத்திருக்கிறது. பத்து நிமிடம் வெயிலில் காட்டிப் பொரியுங்கள். அப்போதும் பொரியும் முன்பே சிவந்தால் அந்தக் கட்டு பழசு.

## பாயசம்

வெல்லம் சேர்த்ததும் பால் திரிந்தது. இந்தக் கோளாறுக்காக அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பரிமாறி முடித்துக் கடைசியில் கிண்ணத்தைத் திறக்கும்போது தெரியும். முதலில் பாலையே சந்தேகியுங்கள். தனியாக வைத்திருக்கும் பாலில் ஒரு கரண்டியைக் காய்ச்சிப் பாருங்கள். அதுவே திரிந்தால் பால் கெட்டது, பாயசத்தைக் கொட்டிவிடுங்கள். பால் நன்றாக இருந்தால் சூடும் வெல்லமும் சேர்ந்த வேலைதான் இது. சாப்பிட ஒரு கெடுதலும் இல்லை, பார்க்க மட்டும் சரியில்லை. திரிந்த பால் மறுபடி சேராது. பத்து முந்திரியை ஊறவைத்து நைசாக அரைத்துக் கலந்தால் திரிதிரியாகத் தெரிவது பெருமளவு மறையும், சுவையும் கூடும்.

வராமல் தடுக்க: வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, பருப்போடு கொதிக்கவிட்டு இறக்குங்கள். கால் மணி நேரம் ஆறட்டும். பாலைக் காய்ச்சித் தனியாக ஆறவைத்து, இரண்டும் வெதுவெதுப்பாக இருக்கும்போது சேருங்கள். அதன்பின் அடுப்பில் ஏற்றாதீர்கள். தேங்காய்ப்பால் என்றால் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைத்து, முதல் பாலை இறக்கிய பிறகு விடுங்கள்.

பருப்போ அரிசியோ பல்லில் கடிபடுகிறது. வெல்லம் சேருவதற்கு முன் வேகவில்லை. பருப்புக்கும் சாம்பார்க் காய்க்கும் சொன்னதுதான், புளிக்குப் பதில் இங்கே வெல்லம். இனி எவ்வளவு கொதிக்கவிட்டாலும் பாகுதான் இறுகும். பால் சேர்க்கவில்லை என்றால் பாகை வடித்து ஒதுக்கிவிட்டு, பருப்பை வெறும் தண்ணீரில் ஒரு விசில் விட்டுத் திரும்பச் சேருங்கள். ஜவ்வரிசிக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை சர்க்கரையைத் தொடவே வேண்டாம்.

பரிமாறும்போது இறுகிவிட்டது. வெல்லப் பாயசத்தில் வெதுவெதுப்பான பால், சர்க்கரைப் பாயசத்தில் சூடான பால். பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

## தயிர்

உறையவில்லை. இன்னும் பால் போலவே இருந்தால் பாத்திரத்தை வெந்நீர்த் தட்டில் உட்காரவைத்து, துண்டால் சுற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். குளிர்காலத்தில் பெரும்பாலும் இதுதான் தேவை. அப்படியும் உறையாவிட்டால் உறை ஊற்றும்போது பால் கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கும், உறை செத்திருக்கும். பால் புளிக்காமல் வாடையும் இல்லாமல் இருந்தால் மறுபடி வெதுவெதுப்பாக்கி, அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் புது உறை விடுங்கள். வெதுவெதுப்பு என்றால் சுண்டுவிரலைப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிகிற சூடு. சித்திரை வெயிலில் நான்கைந்து மணி நேரம், மார்கழியில் எட்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல்.

புளித்துவிட்டது. ஆறிய பால் கலந்து தயிர்சாதம் பிசையுங்கள். மதியத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சாதத்தில் பாலைக் கூடுதலாகவும் தயிரை ஒரே ஸ்பூனும் வைத்தால் டப்பாவைத் திறக்கும்போது சரியாக இருக்கும்.

நூல் நூலாக வருகிறது. உறையில் வேறு கிருமி கலந்துவிட்டது. அதே தயிரிலிருந்து மறுபடி உறை எடுத்தால் மறுநாளும் நூல்தான் வரும். எத்தனை நாள் மாற்றி மாற்றி ஊற்றினாலும் போகாது. முழுவதையும் கொட்டி, பாத்திரத்தையும் கரண்டியையும் கொதிநீரில் போட்டெடுத்து, பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பூன் தயிர் வாங்கிப் புதிதாகத் தொடங்குங்கள். சிவப்பாகவோ பச்சையாகவோ பூசணம் தெரிந்தாலும் இதேதான். மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள்.